ஹாங்காங் செய்வினை

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்டுபிடித்துச் சிரிப்பதற்குள் நானே சிரித்துவிட்டால் கொஞ்சம் மானம் மிஞ்சும். எண்பதுகளின் நடுவில், கல்யாணமான புதிதில், ஒரு பிளாஸ்டிக் பொம்மையை வைத்து என் வாயை யாரோ கட்டிவிட்டார்கள் என்று நான் நம்பினேன். ஒரு நிமிஷம் நம்பிவிட்டு உதறிய கதையல்ல இது. சோறு இறங்காத அளவுக்கு நம்பினேன். அந்தச் செய்வினையைச் செய்தவன் ஹாங்காங்கில் இருக்கிறான் என்றும் நடுவில் கொஞ்ச நேரம் நம்பியதுண்டு.

அப்படி நம்புவதற்கு என் வாய்தான் காரணம். பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில், மணல் திட்டின் மேல் எங்கள் குப்பம். அங்கே யார் எப்படி நடப்பார், யார் எப்படித் தும்முவார், ஏலத்தில் மீனுக்கு விலை கேட்கும்போது யாருடைய குரல் எங்கே உடையும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. செய்து காட்டாமல் இருக்க என்னால் முடியாது. சாவு வீட்டிலும் முடியாது. அதனால் எங்கள் ஊரில் அநேகமாக எல்லோரும் என்னைப் பார்த்து ஒருமுறையாவது சொல்லியிருந்த வாக்கியம், “உன் வாயத் தைச்சாத்தான்டா ஊரு உருப்படும்.” மீனவர்கள் வீட்டில் இது சும்மா சொல்வதல்ல. எல்லோர் இடுப்பிலும் வலை தைக்கிற ஊசி இருக்கும்.

இதில் பாடு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட்டால் வலை கட்ட நட்ட கழிதான் மிஞ்சும், இறால் மிஞ்சாது. அதனால் இன்றைக்கு இன்னார், நாளைக்கு இன்னார் என்று முறை வைத்துப் போடுவோம். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். மற்ற ஊர்க்காரர்கள் ‘என் பாடு திண்டாட்டம்’ என்பார்கள். எங்களுக்குப் பாடு இல்லாவிட்டால்தான் திண்டாட்டம்.

கல்யாணம் ஆனவனுக்குத் தனிப் பாடு உண்டு. ஆனால் அது தானாக வராது. வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் எதிரே ஊர் கூடும்போது, அவனே எழுந்து நின்று தன் வாயால் கேட்க வேண்டும். அப்பன் கேட்கக் கூடாது, மாமன் கேட்கக் கூடாது. கேட்காதவனுக்கு அடுத்த வருஷம்தான். அதுவரை அப்பன் வலையில் கூலியாள் மாதிரி நிற்க வேண்டும், பெண்டாட்டியும் மாமியார் அடுப்பில்தான் சமைக்க வேண்டும். என் மனைவிக்கும் என் அம்மாவுக்கும் ஒரே அடுப்பில் எத்தனை நாள் தாங்கும் என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாமியார் வீட்டு விருந்துக்குப் போயிருந்தேன். நைனாவின், அதாவது என் அப்பாவின், காலில் கெளுத்தி மீன் முள் ஏறிவிட்டது, அவர் பாட்டில் வலை பார்க்க ஆளில்லை என்று சேதி வந்தது. விருந்தை விட்டுவிட்டு வந்து கழி நட்டுக் கட்டியிருந்த நைனாவின் சுத்துவலையைப் பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் நாள் ராத்திரி படகிலேயே படுத்து, விடியற்காலை மீன் சேரும் பையான வலை மடியைத் தூக்கி அவிழ்த்தேன். இறால் விழுந்தது, நண்டு விழுந்தது, கடைசியாக ஒரு ஆள் விழுந்தான்.

முழங்கை நீளம். கறுப்பு அங்கி. வெளுத்த முகம், நெற்றியில் கீறல், கண்ணில் மட்டும் சிவப்பு. கையும் காலும் மூட்டு மூட்டாக மடங்கின. ஒரு கையில் குறடு மாதிரி ஏதோ ஒரு ஆயுதம். இவ்வளவோடு நின்றிருந்தால் அதன் முகத்தைப் போலச் செய்து காட்டிவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பேன். ஆனால் அதன் வாய் தைக்கப்பட்டிருந்தது. ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை, பச்சை நைலான் நூலால், நெருக்கமாக, நிதானமாக.

வாய்க்கட்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். எதிராளி பஞ்சாயத்தில் வாய் திறக்காமல் இருக்க அவனைப் போல ஒரு உருவம் செய்து, வாயைத் தைத்துத் தண்ணீரில் விடுவார்கள் என்பார்கள். யாரும் பார்த்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கூட்டத்தில் பேச வேண்டியிருந்தது. அதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால், சரியாக நான் தூக்கிய மடியில், வாய் தைத்த உருவம். மூன்றையும் கூட்டிப் பார்க்கப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டுமா?

படகிலேயே உட்கார்ந்து, யார் செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். என்னால் கேலி செய்யப்படாத ஒருவரை நினைத்துப் பார்த்தால் அவரைத் தள்ளிவிட்டு மிச்சப் பேரைச் சந்தேகிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். அப்படி ஒருவரும் அகப்படவில்லை. குப்பம் முழுவதுக்கும் காரணம் இருந்தது. ஊர்த் தலைவர் இடது காலைச் சற்று இழுத்து நடப்பதை முந்தின வாரம்தான் அவர் மகன் கல்யாணத்தில் செய்து காட்டியிருந்தேன், அவர் பின்னாலேயே நடந்து.

பொம்மையைப் பழைய கோணிக்குள் சுருட்டிப் படகின் முனையில் ஒளித்துவைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கட்டு இறுகும் என்று எங்கேயோ கேட்ட ஞாபகம். அன்று சாயங்காலம் தொண்டையில் ஏதோ உறுத்தியது. மறுநாள் குரல் கரகரத்தது. அதற்கு அடுத்த நாள் காற்றுதான் வந்தது. பெருமூச்சு விட்டால் அதில் நாலு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நான் நடுங்கிக்கொண்டிருக்க, வீட்டில் சந்தோஷம். என் மனைவி மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “கல்யாணமாகி இன்னிக்குத்தான் வூடு அமைதியா கீது,” என்றாள். கஷாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்தேன்.

பழவேற்காட்டில் ஒரு பாய் இருந்தார். பெரிய மசூதித் தெருப் பக்கம் வீடு. அவருடைய தம்பி கப்பலில் வேலை பார்த்து ஒவ்வொரு தடவையும் வெளிநாட்டுச் சாமான் கொண்டுவருவார். சென்ட்டும் டேப் ரெக்கார்டரும் விற்பனைக்கு. பொம்மைகள் மட்டும் விற்பனைக்கு இல்லை. அவற்றைப் பாய் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவைத்திருந்தார். அலமாரியில் கிடந்ததெல்லாம் பேய், பிசாசு, ரத்தக்காட்டேரி. உள்ளே தொழுகைப் பாய் விரித்த அறை, வெளியே இந்த அலமாரி. எனக்கு அப்போது தோன்றியது இதுதான்: இத்தனை பேயை வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் நிம்மதியாக ஏலக்காய் டீ குடிக்கிறார் என்றால் அவருக்கு இந்த வித்தையில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும்.

படகேறிப் போனேன். அவர் முன்னால் கோணியைப் பிரித்தேன். என்னால் கிசுகிசுக்கத்தான் முடிந்தது. அவரோ இது சுங்கத்துக்குத் தெரியாமல் வந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து அவரும் கிசுகிசுத்தார். ஒரு பெரிய மனிதரும் ஒரு சின்ன மனிதரும் தலையோடு தலை முட்டி உட்கார்ந்து, பட்டப்பகலில், ஒரு பொம்மையைப் பற்றி ரகசியம் பேசினோம்.

“இது யாரு பாய் செஞ்சது?” என்றேன்.

பாய் பொம்மையின் காலைத் திருப்பினார். பாதத்தில் ஏதோ எழுத்துப் பொறித்திருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். “ஹாங்காங்ல செஞ்சது.”

எங்கள் ஊரில் செய்வினை வைக்க வேண்டுமென்றால் காட்டூர் தாண்டிப் போவதே பெரிய செலவு. எனக்காக ஹாங்காங் வரை போயிருக்கிறார்கள்.

“துட்டு குடுத்துச் செஞ்சிருப்பாங்களா?”

“பின்ன, சும்மாவா செய்வான்? நல்லா பண்ணிக்கிறான் தம்பி. மூட்டெல்லாம் பாரு, கட்டு விடல.”

“கட்டு விடாதா பாய்?”

“இன்னும் முப்பது வருசத்துக்கு விடாது,” என்றார், பெருமையாக.

முப்பது வருஷம் ஊமையாக இருக்கும் என்னை நினைத்துப் பார்த்தேன். பாய் அதற்குள் பொம்மையை விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி ஒரு பார்வை. முடியைத் தடவினார், மூக்கை முகர்ந்தார், அங்கியைத் தூக்கிப் பார்த்தார். சாயம் உப்புத் தண்ணியில் கொஞ்சம் போயிருக்கிறது, குறடு ஒரிஜினல், அது தொலையாமல் இருப்பதே அதிசயம், பெட்டி இருந்திருந்தால் கதையே வேறு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பெட்டி என்றால் சவப்பெட்டி என்று புரிந்துகொண்டேன்.

“இவன் யாருன்னு தெர்தா?” என்று கேட்டார். பிறகு அவரே சொன்னார். இது ஒரு இங்கிலீஷ் பேய்ப் படத்தில் வருகிற வில்லன், பல் டாக்டர். தம்பி வாங்கிவந்த கேஸட்டில் அந்தப் படத்தைப் பாதி பார்த்திருக்கிறார், மீதியைப் பார்க்க வீட்டில் விடவில்லை. அந்த டாக்டர் வாயைத் திறந்தால் எதிரே இருக்கிறவன் காலி. பொம்மையின் முதுகில் ஒரு பொத்தான். அதை அமுக்கினால் தாடை இறங்கி வாய் திறக்கும். அதுதான் இந்தப் பொம்மையின் விசேஷமே.

சினிமாப் பொம்மை என்றதும் எனக்கு உயிர் வந்தது. அந்த உயிர் அரை நிமிஷம் இருந்திருக்கும். பாய் வாய்ப்பக்கம் விரலை வைத்தார். முகம் சுருங்கியது.

“ஆனா இது கம்பெனி தையல் இல்ல. பின்னாடி யாரோ தைச்சிக்கிறாங்க. வாய் தொறக்குறதுக்குன்னே செஞ்ச சாமானுக்கு வாயத் தைச்சிட்டா அதுல இன்னா மதிப்பு கீது? இது உங்காளுங்க நூலு தம்பி. வலை நூலு.”

“அறுத்துடலாமா பாய்?” நானே கத்தியை எடுத்துவிட்டேன்.

அவர் என் கையைப் பிடித்தார். “வாணாம். அறுத்தா சாயம் கீறிக்கும். யாரு தைச்சாங்களோ அவங்க கையாலயே அவுக்கச் சொல்லு. அவங்களுக்குத்தான் முடிச்சு எங்க கீதுன்னு தெரியும்.”

பொம்மை சேர்ப்பவர் சாயத்துக்குப் பயந்து சொன்னார். கேட்டவனோ பயத்திலேயே ஊறிக் கிடந்தான். கட்டினவனே அவிழ்க்க வேண்டும் என்று மந்திரவாதிகளும் இதையேதான் சொல்வார்கள். அலமாரியில் இருந்த அத்தனை பேயும் தலையாட்டின மாதிரி இருந்தது.

திரும்பும்போது படகில் வைத்து அந்த முடிச்சைப் பார்த்தேன். அதுவரை வாயைத்தான் பார்த்திருந்தேன், முடிச்சைப் பார்க்கவில்லை. வலை முடிச்சை நாங்கள் எல்லோரும் வலக்கையால் போடுவோம், நூல் வலப்பக்கம் சாயும். இது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. எங்கள் குப்பத்தில் இடது கையால் முடிச்சுப் போடுகிற ஆள் ஒருவர்தான். அவர் என் நைனா.

நான் தனிப் பாடு கேட்கப் போகிறேன் என்று சொன்னபோது நைனா, “இப்ப இன்னாத்துக்கு அவசரம்?” என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்து அந்தப் படகுப் பயணத்தில் நான் கட்டிய மாளிகை சின்னதல்ல. மகன் பிரிந்து போய்விடுவான் என்று பெற்ற தகப்பனே வாயைக் கட்டிவிட்டார். ஆனால் அதற்கு ஹாங்காங் வரை ஏன் போனார்? பொன்னேரியைத் தாண்டினாலே திரும்பும் பஸ் போய்விடுமோ என்று பதறுகிற மனிதர் அவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாதது பயத்தைக் குறைத்ததா என்றால், அதுவும் இல்லை.

வீட்டு வாசலில் நுழையும்போது ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் நைனா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். கால் வீங்கிப் படுத்திருந்தார். “நான்தான் வாயத் தைச்சிட்டேன்ல,” என்றார். “இனிமே சத்தம் வராது.”

அம்மா நல்லதாப் போச்சி என்றாள்.

அம்மாவுமா என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் சுறா புட்டு. எனக்குப் பிடித்தது என்று வைத்திருந்தார்கள். பலி கொடுக்கிற ஆட்டுக்கும் நல்ல தழையாகத்தான் போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே ஒன்றுக்கு மூன்று முறை வாங்கித் தின்றேன். சோறு இறங்கவில்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, சுறா புட்டு அதில் சேராது.

கூட்டத்து நாள் சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு கோயில் எதிரே மணலில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நைனாவும் கோல் ஊன்றி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். நான் பொம்மையைத் துண்டில் சுற்றி இடுக்கிக்கொண்டு போனேன். என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. பெண்கள் கோயில் பக்கச் சுவரோரம் நின்றார்கள். என் மனைவியும் நின்றாள். அடுப்புக் கல்லுக்கு அவள் இடம்கூடப் பார்த்துவைத்திருந்தாள்.

என் முறை வந்ததும் எழுந்தேன். வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நான் யாரையோ செய்து காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். மறுபடி முயன்றேன். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, கையை ஆட்டினேன். சிரிப்பு இன்னும் ஏறியது. ஒருவர் மணலில் உருண்டே விட்டார். பக்கத்துக் குப்பத்து ஊமை ஏலக்காரரை நான் அச்சாகச் செய்வதாகப் பின்னால் யாரோ யாருக்கோ விளக்கிச் சொன்னது காதில் விழுந்தது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய மிகப் பெரிய சிரிப்பு அதுதான். அதில் என் திறமை துளியும் இல்லை.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், “வெளாட்டு போதும். கேக்குறியா, குந்துறியா?” என்றார்.

குந்தினால் ஒரு வருஷம் போச்சு. சுவரோரம் நின்றவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தேன். இரண்டாவதாகச் சிரிக்காத ஆள் அவள்தான். வேறு வழி தெரியாமல் துண்டைப் பிரித்துப் பொம்மையை எடுத்து நைனாவின் மடியில் வைத்தேன்.

சிரிப்பு நின்றது. முன்வரிசையில் இருந்தவர்கள் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள். அந்த முகத்தையும் அந்தத் தையலையும் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். வாய்க்கட்டு என்ற சொல் வாயைத் திறக்காமலே கூட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. எனக்குத் தெரிந்தது, நான் தனியாக முட்டாளில்லை என்று.

நைனா பொம்மையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். “அட, நம்ம காவக்காரன்,” என்றார். “கழி மேல கட்டி வெச்சத எந்தப் பரதேசி அவுத்துக்கினு வந்தான்? நீயாடா?”

நான் அதன் வாயைக் காட்டினேன். அவிழ்க்கச் சொல்லிச் சைகை செய்தேன். நைனா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, இடது கைக் கட்டைவிரல் நகத்தால் முடிச்சைத் தட்டினார். ஒரே தட்டு. நூல் உருவிக்கொண்டு வந்தது. தாடை தொங்கி, வாய்க்குள்ளிருந்து கொஞ்சம் ஏரி மணல் அவர் வேட்டியில் கொட்டியது.

“இன்னாத்துக்கு நைனா தைச்ச?”

கேட்டது நான்தான். குரல் கிழிந்த பறை மாதிரி இருந்தது, ஆனால் கடைசி வரிசை வரை கேட்டது.

“பின்ன? தாடை ஸ்பிரிங்கு போயிடுச்சி. காத்தடிச்சா போதும், கடகடகடன்னு ராத்திரியெல்லாம் ஆடிக்கினே கெடக்கும், உன்ன மாரியே. உன்னத் தைக்க முடியல, இதத் தைச்சேன்.”

இந்தத் தடவை சிரித்ததில் என் பங்கு கொஞ்சம்கூட இல்லை. நைனா அதுவரை ஊருக்கு ஒரு நகைச்சுவையும் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று தலைவர் காத்திருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அதான் வாய் வந்துச்சே. கேளு.”

“எனக்கு ஒரு பாடு குடுங்க,” என்றேன். கொடுத்தார்கள். சுவரோரம் பார்த்தேன், அவள் அங்கே இல்லை. கல் எடுக்கப் போய்விட்டாள்.

விஷயத்தைக் கேள்விப்பட்டுப் பாய் மறுவாரம் படகேறி வந்தார். வாய் திறந்துவிட்டதே, அலமாரியில் வைக்கலாம் என்று ஆசை. நைனாவின் கழிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பொம்மையின் வாயைப் பார்த்தார். அதே படகில் திரும்பிவிட்டார்.

நடந்தது இவ்வளவுதான். அந்தப் பொம்மை கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்தது. எந்தக் கப்பலிலிருந்து விழுந்ததோ தெரியாது. வலையில் விழும் மீனை நீர்க்காகம் கொத்திக்கொண்டு போகாமல் இருக்க, நான் விருந்துக்குப் போயிருந்த நாட்களில் நைனா அதை எடுத்துவந்து கழியின் தலையில் கட்டினார். வாய் ஆடிச் சத்தம் போட்டது, தைத்தார். கட்டிய கயிறு இற்றுப்போயிருந்தது, அது அறுந்து பொம்மை வலைக்குள் விழுந்தது. என் குரல் போனதற்கு வாடைக் காற்றில் ராத்திரி படகில் வெறும் உடம்போடு படுத்ததுதான் காரணம், ஒரு வாரத்தில் அது தானாகவே திரும்பியிருக்கும் என்று பொன்னேரி டாக்டர் சொன்னார். கூட்டத்துக்குப் பிறகு நைனா பொம்மையை மறுபடி கழியில் புதுக் கயிறு போட்டுக் கட்டினார், வாயையும் மறுபடி தைத்தார். நீர்க்காகம் வந்து அதன் தலைமேல் உட்கார்ந்து இறக்கையை உலர்த்தியது.